ஒன்றும் கொடாதார்

பேராதனையில் காலை நேரம் வந்திறங்குகிறவர்களைப் பார்த்தவுடனேயே, இன்னார் இன்ன இடத்துக்குப் போகிறார் என்று சொல்லிவிடலாம். தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் என்றால் 1821 இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. நெஞ்சோடு அணைத்த கோப்பும் தூக்கம் கலையாத கண்ணும் என்றால் கம்பஸ். முச்சக்கரவண்டிக்குள் இருந்தபடியே "மெதுவா தம்பி, குலுக்காத, குலுக்காத" என்று கத்திக்கொண்டு கலஹா சந்தியில் திரும்புகிறவர் என்றால், அவர் போகுமிடம் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை. பின்னாசனத்தில் ஒரு பழைய சாரம். சாரத்தின் மேல் ஒரு நாய். நாயின் முகத்தில், உலகத்தில் எந்தக் குற்றமும் நடக்கவில்லை என்கிற அமைதி.

நம்முடைய நாயகர் இவர்தான். கட்டுகஸ்தோட்டையிலும் இருப்பார், கெலிஓயாவிலும் இருப்பார், கம்பளையிலிருந்தும் வருவார். ஆகவே சொந்தப் பெயர் வேண்டாம். ஒன்றும் கொடாதார் என்று வைத்துக்கொள்வோம்.

நாயின் பெயர் ரொமி. இவர் வீட்டு நாய்களுக்குப் பெயர் எப்போதும் ஆங்கிலத்தில்தான். அப்பா காலத்தில் டைகர் என்று வைத்தார்கள். எண்பதுகளுக்குப் பிறகு, கண்டித் தெருவில் ஒரு தமிழர் நின்று "டைகர்! டைகர்!" என்று கூப்பிடுவது அவ்வளவு உசிதமாகப் படாததால், டைகர் வம்சம் ரொமி என்றும் லக்கி என்றும் பெயர் மாற்றிக்கொண்டது. இன்றைய ரொமிக்கு மும்மொழிப் புலமை உண்டு. வீட்டுக்காரர் "சிட்" என்றால் உட்காரும். பக்கத்து வீட்டு நோனா "மெஹெ எண்ட" என்றால் பாய்ந்தோடும். பேத்தி "இந்தா" என்றால் வாயைத் திறக்கும். "வேண்டாம்" என்பது மட்டும் எந்த மொழியில் சொன்னாலும் விளங்காது.

நாடு முழுவதற்கும் மிருக வைத்தியர்களை உருவாக்கும் ஒரே பீடம் பேராதனையில்தான் இருக்கிறது. ஆகவே இங்கே முதலில் விசாரிப்பது பெரும்பாலும் மாணவர்கள். நோயாளி பேசாது, நோயாளியைக் கூட்டி வந்தவர் பேச்சை நிறுத்தமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவே உண்மையைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டமான பாடம் அந்தப் பீடத்தில் இருக்க முடியாது.

அன்றைக்கு விசாரித்தது யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"என்ன வருத்தம் ஐயா?"

"சாப்பிட்ட கையோட சத்தி எடுக்குது மகள்."

"என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?"

"ஒன்னுமே குடுக்கல்ல."

பிள்ளை பேனையை எடுத்தபடி நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்டுமே குடுக்காட்டி, என்னத்தை ஐயா சத்தி எடுத்தது?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. ரொமியைப் பார்த்தார். ரொமி கூரையைப் பார்த்தது.

ஆனால் ஆதாரம் கைவசம் இருக்கிறது. தொலைபேசியை எடுத்து விரலால் தள்ளுகிறார். பேத்தியின் பிறந்தநாள் கேக். மெழுகுதிரி ஊதும் பேத்தி. வெட்டிய கேக்கின் கிட்டத்துப் படம். அதற்கடுத்ததாக, சீமெந்துத் தரையில் ரொமி எடுத்த சத்தி. "இதைப் பாருங்க மகள், என்ன நிறம் பாருங்க." பிள்ளை நிறத்தைப் பார்க்கவில்லை. ஒரு படம் பின்னுக்குப் போகச் சொன்னாள். கேக், சொக்கலேட் கேக். மேசையின் ஓரத்தில் ஒரு வால் தெரிந்தது.

"அது பேத்தி குடுத்தது. நான் குடுக்கல்ல."

சொக்கலேட்டில் இருக்கும் தியோபுரோமின் நமக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. நாயின் உடம்பு அதை மெதுவாகத்தான் கழிக்கும். அளவு கூடினால் வாந்தியில் தொடங்கி, நெஞ்சுப் படபடப்பு, வலிப்பு என்று போகும். பிள்ளை இதைச் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார், பேத்தியைக் கண்டிக்க ஒரு காரணம் கிடைத்த திருப்தியோடு.

"சத்தி எடுக்கேக்கை வயிறு எக்கினதோ ஐயா? இல்லாட்டி தலையைக் குனிஞ்ச உடனை தானா விழுந்ததோ?"

சும்மா கேட்கிற கேள்வி இல்லை இது. வயிறு எக்கி, ஓங்காளித்து, நுரையோ மஞ்சள் பித்தமோ கலந்து வந்தால் அது இரைப்பையைத் தொட்டுவிட்டு வருவது. எந்த எத்தனிப்பும் இல்லாமல், தின்ற சோறு தின்றபடியே உருளையாக விழுந்தால், அது இரைப்பைக்குப் போகவேயில்லை; உணவுக்குழாயில் நின்று திரும்பியிருக்கிறது. இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

அவருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. செய்து காட்டத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி, தோளைக் குலுக்கி, "ஹுக்... ஹுக்... ஹுவாக்" என்றார். வரிசையில் படுத்திருந்த லப்ரடோர் எழுந்து நின்றது. கூடைக்குள் இருந்த பூனை இன்னும் உள்ளே போனது. ரொமி, இந்த மனிதரை எனக்குத் தெரியாது என்கிற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிள்ளை கடமையுணர்ச்சியோடு எழுதினாள்: வயிறு எக்கியது.

"சாணி வண்டு கிண்டு தின்னுறதோ?"

"எங்க ரொமியா? பிஸ்கட்டையே மணந்து பாத்துத்தான் தின்னும்!"

சாணி வண்டைப் பற்றிக் கேட்டது ஸ்பைரோசேர்கா லூப்பி என்கிற புழுவுக்காக. நம்முடையதைப் போன்ற வெப்ப நாடுகளில் அதற்குச் செல்வாக்கு அதிகம். அதன் குடம்பி சாணி வண்டுக்குள் காத்திருக்கும். வண்டைத் தின்ற நாயின் இரைப்பையைத் துளைத்து, இரத்தக் குழாய்ச் சுவர் வழியே ஏறி, உணவுக்குழாயில் கட்டியாகக் குடியிருக்கும். கட்டி பெருத்தால் சோறு இறங்காது, திரும்பி வரும். அந்த வண்டை விழுங்கிய பல்லியைத் தின்றாலும் இதே கதைதான். பிள்ளை இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே ரொமி வாங்குக்குக் கீழே ஊர்ந்த எதையோ கவ்விச் சப்பத் தொடங்கியது. அதை ஒருவரும் பார்க்காதபடி அவர் காலை நகர்த்தி மறைத்தார்.

ஆனால் பிள்ளைக்குக் காது கூர்மை. "என்ன பிஸ்கட் ஐயா?"

"தேத்தண்ணிக்கு நாங்க எடுக்கிறது. அது சாப்பாடு இல்லையே மகள்."

இங்கேதான் அவருடைய தத்துவம் வெளிப்படுகிறது. தட்டில் போட்டு, "ரொமி, சாப்பிடு" என்று சொல்லி வைத்தால்தான் அவர் அகராதியில் அது சாப்பாடு. கையால் கொடுத்தது கணக்கில் வராது. மேசைக்குக் கீழால் கொடுத்தது நடக்கவேயில்லை. தானாக விழுந்ததை நாய் எடுத்தால் அது விதி. அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். தன்னுடைய நீரிழிவு கிளினிக்கிலும் இதே நேர்மையோடுதான், "சீனி பக்கமே போறதில்ல டொக்டர்" என்கிறார். கித்துள் பாணி சீனி ஆகுமா என்ன?

இந்தக் கட்டத்தில் மனைவி வாய் திறந்தார். "கருவாட்டுத் தலை யாரு குடுத்தது?"

"அது ராத்திரி. இவங்க கேக்கிறது காலையில."

"நீங்கதானே மாலு பணிஸ்ல பாதி..."

"நீ குடுத்த இடியப்பத்தைச் சொல்லு முதல்ல."

அப்புறம் சாட்சியங்கள் ஒன்றின்பின் ஒன்றாக வந்தன. மாமியார் பாவம் பார்த்துக் கொடுத்த பாற்சோறு. மகன் கடையிலிருந்து கொண்டுவந்து "கொஞ்சம்தான்" வைத்த கொத்து ரொட்டி. வெங்காயமும் மிளகாயும் அதில் இலவசம். வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும் என்று பிள்ளை சொன்னபோது, கொத்தைக் கொண்டுவந்தவன் இவர் பெற்ற மகன் இல்லை, மனைவி பெற்ற மகன் ஆகிவிட்டான்.

வீட்டுக்குள்ளே இவ்வளவு என்றால், வெளியே இன்னும் விசேஷம். கண்டியில் வளர்கிற நாய்க்கு நான்கு மதத்துப் பண்டிகையும் சொந்தம். தைப்பொங்கலுக்கு நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல். வெசாக்குக்கு நோனா வீட்டுக் கிரிபத். தெருமுனைத் தன்சலில் சிந்திய சோறு வேறு. பெருநாளன்று பின்வீட்டு ஹாஜியார், நாயைத் தொடாவிட்டாலும், பிரியாணி எலும்பை மதிலுக்கு மேலால் குறி தவறாமல் எறிவார். நத்தாருக்கு எதிர்வீட்டு ஆன்டியின் கேக்; முந்திரிவத்தல் நாயின் சிறுநீரகத்துக்கு ஆகாது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. இன நல்லிணக்கத்துக்கு இந்த நாட்டில் எத்தனையோ ஆணைக்குழு வைத்துப் பார்த்தாகிவிட்டது. ரொமியின் வயிற்றில் அது எப்போதோ வந்துவிட்டது. தங்கத்தான் மறுக்கிறது.

இத்தனைக்கும் சத்தி தொடங்கி மூன்றாம் நாள்தான் இங்கே வந்திருக்கிறார்கள். அதுவரை ஊர் வைத்தியம். முச்சக்கரவண்டித் தம்பி செவ்விளநீர் என்றார். கடைக்கார முதலாளி ஜீவனிப் பக்கற்றை எடுத்து நீட்டினார். மாமியார் கண்ணூறு என்று முடிவுகட்டி, செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார். வீடு முழுவதும் இருமியது, ரொமி மட்டும் வெளியே போய்ப் படுத்துக்கொண்டது. இதெல்லாம் பரவாயில்லை. நம்மவர் மேலதிகமாக ஒரு யோசனை வைத்திருந்தார்.

"அரைக் குளிசை பனடோல் குடுப்பமான்னு பாத்தேன் மகள்."

பிள்ளையின் முகம் முதல்தடவையாக மாறியது. "குடுத்திட்டியளோ?"

"இல்ல இல்ல, ஒன்னுமே குடுக்கல்ல."

இந்த ஒரு தடவை மனைவியும் தலையசைத்து ஆமோதித்தார். நல்லகாலம். நமக்குத் தலையிடிக்குப் போடுகிற பரசிட்டமோல், அளவு தப்பினால் நாயின் ஈரலைக் கெடுக்கும், இரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரோஃபென் இரைப்பையில் புண்ணாக்கும். வாயில்லாத சீவனுக்கு மனிதக் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதைப் போல ஆபத்தான பாசம் வேறில்லை.

டொக்டர் வந்து ரொமியின் முரசின் நிறம் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். பெரிய வருத்தம் எதுவும் இல்லை. கண்டதையும் தின்றது, தின்றதையும் மெல்லாமல் விழுங்கியது. வளர்ந்த நாய், உசாராக இருக்கிறது. ஆகவே அரை நாள் வயிற்றுக்கு ஓய்வு. தண்ணீரைச் சிறுகச் சிறுக வையுங்கள். பிறகு தோலும் எலும்பும் நீக்கி, உப்பும் தூளும் போடாமல் அவித்த கோழியும் குழைந்த சோறும், கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளைக்கு. அவசரமாக விழுங்காமலிருக்க அகலமான தட்டில் பரப்பி, நடுவில் வாய்க்குள் போகாத பெரிய கல்லொன்று வையுங்கள். கல்லைச் சுற்றிப் பொறுக்க நேரமெடுக்கும். இரத்தம் கலந்து வந்தால், தண்ணீரும் தங்காவிட்டால், சோர்ந்து படுத்தால், முக்கியமாக வயிறு ஊதி, ஓங்காளித்தும் ஒன்றும் வராமல் தவித்தால், ஒரு நிமிடமும் பிந்தாமல் கொண்டுவரவேண்டும்.

"அப்ப இந்தப் பொடியன் நாய்க்குட்டிக்கும் அரை நாள் பட்டினி போடலாமா டொக்டர்?" என்று பக்கத்தில் துவாய்க்குள் குட்டியைச் சுற்றி வைத்திருந்த இளைஞனுக்காக நம்மவரே கேட்டார். வாங்கில் அரைமணி நேரம் இருந்ததில் பாதி வைத்தியராகியிருந்தார். குட்டியைப் பட்டினி போடவே கூடாது என்றார் டொக்டர். 1978 இல் உலகம் முழுக்கப் பரவிய பார்வோ வைரசுக்கு, தடுப்பூசி போடாத குட்டிகள்தான் முதல் இரை. குட்டி சத்தி எடுத்துச் சுருண்டு படுத்தால் அன்றைக்கே கொண்டுவரவேண்டும். இளைஞனை அடுத்ததாக உள்ளே கூப்பிட்டார்கள். நம்மவர் தன் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வழிவிட்டார்.

புறப்படுமுன் பிள்ளை கடைசிக் கட்டளையைச் சொன்னாள். "இனி ரொமிக்கு ஒராள்தான் சாப்பாடு வைக்கோணும். ஒரு தட்டு, ஒரு கை. மற்ற ஆக்கள் ஒண்டும் குடுக்கக்கூடாது."

அவர் திகைத்துப்போனார். "அப்ப மத்தவங்க பாசத்தை எப்படிக் காட்டுறது மகள்?"

"நடக்கக் கூட்டிக்கொண்டு போங்கோ ஐயா. காலமையும் பின்னேரமும்."

அன்றிரவே வீட்டில் கூட்டம் கூடியது. உணவு வைக்கும் பொறுப்புக்கு ஐந்து பேர் போட்டி. பேத்தி அழுது வென்றாள். நடத்தும் பொறுப்புக்கு மகனுக்கு வேலை, மருமகளுக்கு முதுகுவலி, மாமியாருக்கு முழங்கால், பேத்திக்கு டியூசன். நோனா தனக்கு சளி என்று மதிலுக்கு மேலாலேயே அறிவித்துவிட்டார். ஊட்ட அத்தனை கை இருந்த இடத்தில் நடக்க இரண்டு கால் தேறவில்லை. மறுநாள் ஐந்தரை மணிக்கு, பனியில், கழுத்தில் மப்ளரும் கையில் சங்கிலியுமாக ஒன்றும் கொடாதார்தான் புறப்பட்டார். ஏற்றத்தில் ரொமி அவரை இழுத்தது. இறக்கத்தில் அவர் ரொமியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அடுத்த கிளினிக்கில் அவருடைய சீனி மளமளவென்று இறங்கியிருந்தது. டொக்டருக்கு நம்பமுடியவில்லை, கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாரு மருந்து மாத்திக் குடுத்தது?" என்று கேட்டார்.

"பேராதனை மிருக வைத்தியசாலையில" என்றார் இவர், நெஞ்சை நிமிர்த்தி.