டாங்கிக்கு இல்லாத எல்லை

ஆவடியில் டி-90 டாங்கி செய்கிறார்கள். அது ரயிலேறி ராஜஸ்தான் வரை போனாலும் வழியில் எவரும் "லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்பதில்லை.

அதே ஆவடிக்காரர் ஒருவர் இடுப்பில் பிஸ்டலோடு திருப்பதிக்குக் கிளம்பினால் கதை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி வாங்கிய உரிமத்தில் அது எதுவரை செல்லும் என்று எழுதியிருக்கும். 'தமிழ்நாடு' என்று மட்டும் இருந்தால், ஊத்துக்கோட்டை தாண்டியதும் தற்காப்பு வழக்காகிவிடும். 'இந்தியா முழுவதும்' என்ற இரண்டு சொல்லுக்குத்தான் இத்தனை அலைச்சல்.

சரி, உள்ளூரிலாவது கெத்து காட்டலாமா? பொது இடத்தில் எடுத்துச் சுழற்றக் கூடாது என்கின்றன 2016 விதிகள். மூன்று வைத்திருந்தவரை இரண்டோடு நிறுத்தியது 2019 திருத்தம். தேர்தல் வந்தால் பெரும்பாலும் அதையும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். நம்மைக் காக்க வாங்கியதை அப்போது போலீஸ் காக்கும்.

பூந்தமல்லி பஸ்ஸில் பெண்கள் கையில் வைத்திருக்கும் ஊக்குக்கோ எந்த மாநிலத்திலும் லைசென்ஸ் வேண்டாம். அதுதான் அவ்வப்போது பயன்படவும் செய்கிறது.