அவசரத்துக்கு அடங்காத வாயு

கேள்வி: வீட்டிலேயே பியர் தயாரிக்கும் அமெரிக்க அன்பர்கள் புட்டிகளை விட்டுவிட்டு எஃகுப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு அழுவது ஏன்?

பதில்: அவர்களை அழவைத்தது புட்டிதான். நொதித்து முடிந்த பியரில் சிறிது சர்க்கரை சேர்த்துப் புட்டியில் அடைத்து, எஞ்சியிருக்கும் ஈஸ்ட் அதை உண்டு கரியமில வாயுவை உண்டாக்கும்வரை வாரக்கணக்கில் காத்திருப்பது பழைய முறை. சர்க்கரை மிகுந்தாலோ, நொதித்தல் பூர்த்தியாகுமுன் அடைத்தாலோ, புட்டி வெடித்துச் சிதறும். 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வீட்டுப் பியருக்கு வரிவிலக்குக் கிடைத்தது. பின்னர், குளிர்பான வியாபாரிகள் பாகு நிரப்பிவந்த, ஏறத்தாழ 19 லிட்டர் கொள்ளும் எஃகுப் பீப்பாய்களைக் கழித்துவிட்டுப் பைகளுக்கு மாறியபோது, அவை மலிவாக இந்த அன்பர்களின் கைக்கு வந்து சேர்ந்தன; ஈஸ்டுக்குக் காத்திராமல் சிலிண்டரிலிருந்தே கரியமில வாயுவை அவற்றில் ஏற்றலாம்.

கேள்வி: பீப்பாயில் வாயுவை ஏற்றிக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினால் ஒரே நாளில் காரியம் முடிந்துவிடும் என்கிறார் என் மைத்துனர். மெய்தானா?

பதில்: முடியும், எந்த இடத்தில் முடியும் என்பதுதான் அவர் கையில் இல்லை. திரவத்தில் கரையும் வாயுவின் அளவு அதன்மேல் உள்ள அழுத்தத்தைப் பொறுத்தது என்று 1803-ல் வில்லியம் ஹென்றி நிறுவினார். குளிர்ச்சியும் அதற்குப் பெருந்துணை. சாதாரணக் காற்றழுத்தத்திற்குச் சமமான அழுத்தத்தில், உறைநிலையை ஒட்டிய தண்ணீர் தன் கனஅளவைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்கு கரியமில வாயுவை ஏற்கும். 20 டிகிரியில் அதில் பாதியளவே ஏற்கும். ஆகவே பீப்பாயை 4 டிகிரிக்குக் குளிரவைத்து, சிலிண்டரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அளவில் நிறுத்திவிட்டு, ஒன்றிரண்டு வாரம் அதன் பக்கமே போகாமல் இருப்பாரானால், பியர் தனக்கு வேண்டிய இரண்டரை மடங்கு வாயுவைத் தானே வாங்கிக்கொண்டு, அதற்குமேல் ஒரு துளியும் வேண்டாமென்று நின்றுவிடும். 30 பவுண்டு அழுத்தத்தில் குலுக்குகிறவருக்கோ நிறுத்தவேண்டிய கணம் தெரிவதில்லை. அடியில் படிந்த வண்டலும் கலங்கி மேலெழும். நியதியே காவலிருந்து முடித்துத்தரும் வேலையை நாம் ஏன் தோள்வலியால் செய்யவேண்டும்? தங்கள் மைத்துனரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: இவ்வாயு காற்றைவிடக் கனமானது, அடைத்த அறையில் சிலிண்டர் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: நம் கோலி சோடாவுக்கும் பியருக்கும் உறவுண்டா?

பதில்: சோடா பிறந்ததே பியர்ச்சாலையில்தான். 1767-ல் லீட்ஸ் நகருக்குக் குடிவந்த ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார், அடுத்திருந்த மதுச்சாலையின் நொதிக்கும் தொட்டிகளுக்குமேல் தங்கி நின்ற வாயுவில் தண்ணீரை வைத்து, அது இனிய புளிப்பேறுவதைக் கண்டு, 1772-ல் அம்முறையை நூலாகவும் வெளியிட்டார். கோலியை உள்ளிருந்து நெட்டி அடைப்பதும் அதே வாயுதான்.

கேள்வி: குழாயைத் திறந்தால் குவளை முழுவதும் நுரையே வருகிறது. அழுத்தத்தைக் குறைத்துவிடலாமா?

பதில்: குறைக்கவே வேண்டாம். குறைத்தால் கரைந்திருந்த வாயு பீப்பாய்க்குள்ளேயே பிரிந்து, இன்று நுரையும் சில நாளில் சாரமற்ற பியருமே மிஞ்சும். குற்றம் பெரும்பாலும் குழலில் இருக்கும்: குழல் குட்டையாயிருந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து வாயு சிதறுகிறது. ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழலை 3 மீட்டர் நீளத்துக்கு மாற்றி, சுருட்டிக் குளிர்பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே சூடேறி நிற்கும் குழல் முதல் குவளையை எப்போதும் நுரையாக்கும். குழாயைப் பாதி திறக்காமல் முழுவதும் திறந்து, குவளையைச் சாய்த்துப் பிடியுங்கள்.