கறுப்புக் கோட்டும் கைக்காசும்

கே: வெளிநாட்டில் எல்.எல்.எம். படிக்கக் கேட்ட உதவித்தொகை கிடைக்கவில்லை. மனசு விட்டுப்போச்சு சார். (நெல்லை வாசகர்)

ப: உங்களுக்கு முன்னால் அந்த வரிசையில் காந்தி நிற்கிறார். 1888-ல் பாரிஸ்டர் படிப்புக்கு உதவி கேட்டு, போர்பந்தர் நிர்வாகத்தைக் கவனித்துவந்த லேலி துரையைப் போய்ப் பார்த்தார். துரை மாடிப்படி ஏறியபடியே, முதலில் பி.ஏ. முடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பணத்தை அண்ணன் புரட்டினார். நீங்களும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அடுத்த ஆண்டும் விண்ணப்பம் போடுங்கள்.

கே: ரோட்ஸ் உதவித்தொகை பெண்களுக்கும் உண்டா? (திருச்சி வாசகி)

ப: 1977 முதல் உண்டு. செசில் ரோட்ஸின் உயிலில் ஆண்களுக்கு மட்டுமே இடம். அதை மாற்ற பிரிட்டனில் சட்டமே வரவேண்டியிருந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே கொர்னேலியா சொராப்ஜி பட்டத் தேர்வில் முதலிடம் பிடித்தார். முதலிடத்துக்கு உரிய இங்கிலாந்து உதவித்தொகை, பெண் என்பதால் அவருக்கு இல்லை என்றார்கள். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் உட்படப் பலர் காசு போட்டு அவரை 1889-ல் ஆக்ஸ்போர்டுக்கு வரவழைத்தார்கள். 1892-ல் பி.சி.எல். தேர்வு எழுதினார். பட்டம் கைக்கு வந்தது 1922-ல்! நம்மூர்ப் பல்கலைக்கழகம் சான்றிதழைத் தாமதிக்கிறது என்று புலம்புகிறவர்கள் இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளவும்.

கே: ஆக்ஸ்போர்டு கதையெல்லாம் இருக்கட்டும். தம்பி அரசுப் பள்ளியில் படித்தவன், சட்டக் கல்லூரியில் சேரப்போகிறான். இங்கே என்ன கிடைக்கும்? (தருமபுரி வாசகி)

ப: நியாயமான அதட்டல். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2021 முதல் சட்டப் படிப்புக்கும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். தங்கை என்றால் புதுமைப்பெண். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகைக்கு வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் எடுத்துவிடுங்கள். திட்டங்களுக்குக் குறைவில்லை, ஆள் தடுக்கி விழுவது வருமானச் சான்றிதழில்தான். கவுன்சலிங் வாரத்தில் இ-சேவை மைய வாசலில் நிற்காமல் இப்போதே போங்கள்.

கே: கிளாட் பயிற்சிக்கே பணமில்லை. தேசிய சட்டப் பல்கலைக்கழகக் கனவை விட்டுவிடலாமா? (ராமநாதபுரம் வாசகர்)

ப: அதற்குள்ளாகவா? பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் ‘ஐடியா’ என்ற அமைப்பைத் தொடங்கியதே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். தேர்ந்தெடுக்கும் மாணவர்களுக்குப் பயிற்சியும் தருகிறார்கள், இடம் கிடைத்த பிறகு துணையும் நிற்கிறார்கள். பஷீர் 2019-ல் மறைந்தார், அமைப்பு நடக்கிறது.

கே: ஐந்தாம் ஆண்டு மாணவன் நான். செவனிங்குக்கு விண்ணப்பிக்கலாமா? (சேலம் வாசகர்)

ப: இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். ஃபுல்பிரைட்-நேரு முதுகலைக்கு மூன்று. இப்போதைக்கு கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுங்கள்.

கே: படித்துவிட்டுத் திரும்பி வரவேண்டும் என்று பாண்டு கேட்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா? (கோவை வாசகர்)

ப: படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தன் பத்திரத்தையே படிக்காத வக்கீலிடம் எந்தக் கட்சிக்காரர் வருவார்? அம்பேத்கர் 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போனார்: மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டு, பதிலுக்குப் பத்து ஆண்டு பரோடாவில் வேலை. 1916-ல் லண்டனில் கிரேஸ் இன்னில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே உதவித்தொகை முடிந்துபோக, படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடா வேலைக்குப் போனவருக்குச் சாதியைக் காட்டித் தங்க ஓர் அறைகூடக் கொடுக்கவில்லை. வேலையை உதறினார். 1920-ல் சொந்தச் சேமிப்பு, நண்பர் தந்த கடன், கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவி என்று சேர்த்துக்கொண்டு மறுபடி கப்பலேறி, 1922-ல் பாரிஸ்டர் ஆனார். பணம் எத்தனை மாதத்துக்கு, படிப்பு நீண்டால் யார் பொறுப்பு, வேலையை இடையில் விட்டால் எவ்வளவு கட்டவேண்டும்: இந்த மூன்றையும் தேடிப் பிடித்துப் படியுங்கள். எழுத்து பொடியாகத்தான் இருக்கும்.

கே: ‘ஏழைகளுக்காகப் போராடுவேன்’ என்று விண்ணப்பத்தில் எழுதினால் எடுபடுமா? (கும்பகோணம் வாசகி)

ப: தேர்வுக் குழுவினர் அந்த வரியைப் படித்தே நரைத்தவர்கள். எந்த ஊர், எந்த கோர்ட்டு, என்ன பிரச்சினை என்று எழுதுங்கள்.

கே: என் சீனியர், ‘அனுபவம்தான் சம்பளம்’ என்கிறார். (சென்னை ஜூனியர்)

ப: அந்த அனுபவத்தை உங்கள் ஹவுஸ் ஓனர் வாடகையாக வாங்கிக்கொள்வாரா? ஜூனியர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 ரூபாயாவது தரவேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் அதே தொகையைப் பரிந்துரைத்தது. வெறும் பரிந்துரை! லண்டன் போக லட்சக்கணக்கில் கொடுக்க ஆள் இருக்கிறது, சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு பஸ் ஏறக் கொடுக்க ஆளில்லை. ஒரே ஆறுதல், பதிவுக் கட்டணம்: 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை 750 ரூபாயிலும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாயிலும் நிறுத்திவிட்டது. சம்பளத்தோடு கற்க ஆசையா? உச்ச நீதிமன்ற லா கிளார்க் தேர்வு எழுதுங்கள், 2025-ல் மாதம் 80,000 தந்தார்கள். எம்.பி. ஒருவரிடம் ஆய்வு உதவியாளராக இருக்க ‘லாம்ப்’ ஃபெலோஷிப் இருக்கிறது. பணம் குறைவு, நாடாளுமன்றம் பக்கத்தில்.

கே: பெரிய வெளிநாட்டு உதவித்தொகை வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் 20,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (வேலூர் வாசகர்)

ப: அவருக்கு உதவித்தொகை நீங்கள் தருகிறீர்கள் என்று அர்த்தம். ரோட்ஸ், செவனிங், ஃபுல்பிரைட் எதற்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. கொடுத்துவிட்டீர்கள் என்றால், புகார் மனு எழுதிப் பழக நல்ல சந்தர்ப்பம். பிரிவை மட்டும் சரியாகப் போடுங்கள்: பழைய 420, 2024 ஜூலையிலிருந்து 318.