கூப்பர்டினோ பெரியவர்களுக்குப் பாச்சாங் மானிட்டர்க்காரர்களின் மனு

பெறுநர்: ஆப்பிள் நிறுவனத்தின் திரை விவகாரப் பெரியவர்கள், கூப்பர்டினோ, கலிஃபோர்னியா.

அனுப்புநர்: வேறு கம்பெனி மானிட்டர் வைத்திருப்போர், பாச்சாங், மலாக்கா.

விவகாரம்: கணினியோடு கூடப்பிறந்த வீடியோவும், கூடப்பிறக்காத மானிட்டரும்.

மாட்சிமை தாங்கியவர்களே,

மேற்படி விவகாரத்தில் பாச்சாங்வாசிகள் முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறார்கள். 2005 ஜனவரியில் உங்கள் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, மேக் மினி என்ற சின்னப் பெட்டியைக் காட்டினார். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றையும் வாங்குகிறவரே கொண்டுவரலாம் என்றார். இப்படி வாய்விட்டு அழைத்தால் யார்தான் வரமாட்டார்கள்? வீட்டில் சும்மா கிடந்த மானிட்டரைத் தூசி தட்டி எடுத்தவர்கள் மலாக்காவிலும் உண்டு.

அழைத்த வீட்டின் பழைய வழக்கங்களை அவர்கள் விசாரித்துக்கொள்ளவில்லை. அதுதான் கோளாறு.

1987-ல் ஐபிஎம் விஜிஏ என்ற இணைப்பைக் கொண்டுவந்தது. அதில் 15 ஊசிகள், மூன்று வரிசை. அதே ஆண்டு வந்த உங்கள் மேக்கின்டாஷ் 2-இன் வீடியோ அட்டையிலும் 15 ஊசிதான், ஆனால் இரண்டு வரிசை. எண்ணிக்கையில் ஒற்றுமை, செருகுவதில் வேற்றுமை! 1989-ல் மேக்கின்டாஷ் 2சிஐ வந்தது. தனி அட்டை வேண்டாம், வீடியோ தாய்ப்பலகையிலேயே இருக்கிறது என்றீர்கள். படத்தைத் தாங்குவதற்குக் கணினியின் சொந்த நினைவகத்திலிருந்தே கொஞ்சம் கிள்ளிக்கொண்டது அது. 640-க்கு 480 புள்ளிகள், 256 நிறங்கள் என்றால் 3,07,200 பைட்டுகள். வீடியோவும் புரோசசரும் ஒரே நினைவகத்தை மாறி மாறித் தொட்டதால் வேகமும் சற்றுக் குறைந்தது. போகட்டும், அட்டைக் காசு மிச்சம்.

ஆனால் அந்த 15 ஊசிகளில் மூன்றுக்குப் படத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. வந்திருக்கும் மானிட்டரின் கோத்திரம் என்னவென்று விசாரிப்பதே அவற்றின் வேலை. எந்த ஊசி மின்தரையோடு இணைந்திருக்கிறது என்பதைப் பார்த்து, இது 13 அங்குலமா, ஒரு முழுப் பக்கம் காட்டும் நெட்டைத் திரையா, இரண்டு பக்கம் காட்டும் திரையா என்று கணினி முடிவுசெய்யும். மூன்றுமே சும்மா இருந்தால் மானிட்டரே வரவில்லை என்று வாசற்கதவைச் சாத்திவிடும். எதிரே மானிட்டர் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். அதற்காகவே குட்டி ஸ்விட்சுகள் வைத்த அடாப்டர்கள் விற்பனைக்கு வந்தன. ஸ்விட்சுகளை மேலும் கீழும் தள்ளி, வெளி மானிட்டருக்கு ஒரு பொய்க் கோத்திரம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொன்னாலும் சிக்கல் தீராது. உங்கள் 13 அங்குலத் திரை நொடிக்கு 67 தடவை படத்தைப் புதுப்பித்தது. அதே 640-க்கு 480 புள்ளிகளை 60 தடவை புதுப்பிப்பதற்கென்று செய்த சாதாரண விஜிஏ மானிட்டர் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

நியாயமாகப் பார்த்தால், விசாரிப்பது தப்பே இல்லை. திரையின் அளவு தெரியாமல் படம் அனுப்ப முடியாது. 1994-ல் வீடியோ தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு இதற்கொரு பொது வழி சொன்னது: மானிட்டரே தன்னைப் பற்றி 128 பைட்டில் ஒரு குறிப்பு வைத்திருக்கும், எந்தக் கணினியும் வாசித்துக்கொள்ளலாம். அதோடு முடிந்தது என்று ஊர் நினைத்தது. நீங்கள் நினைக்கவில்லை. 2000-த்தில் மின்சாரம், யூஎஸ்பி, படம் மூன்றையும் ஒரே வடத்தில் கட்டிய ஏடிசி வந்தது, 2004-ல் உங்கள் புதுத் திரைகளிலிருந்து போனது. 2008-ல் மினி டிஸ்பிளேபோர்ட். 2015-ல் ஒரே ஒரு யூஎஸ்பி-சி ஓட்டையோடு மேக்புக். சார்ஜும் அதில்தான், படமும் அதில்தான். அடாப்டர் விற்கும் தவுக்கேமார்கள், அதாவது கடை முதலாளிகள், இந்த மனுவில் கையொப்பமிட மறுத்துவிட்டார்கள் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

இனி எழுத்து விவகாரம். 2018-ல் மொஹாவி என்ற மேக் இயங்குதளம் வந்தபோது ஒரு பழைய வித்தையைக் கைவிட்டீர்கள். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தின் ஓரத்தைக் கூர்மையாக்கும் வித்தை அது. புள்ளிகள் நெருங்கிய உங்கள் ரெட்டினா திரைக்கு அது தேவையில்லை. சாதாரண 24 அங்குல மானிட்டரிலோ எழுத்து மழையில் நனைந்தாற்போல் ஆனது. ஆங்கில எழுத்து எப்படியோ தப்பித்துக்கொள்ளும். ‘ண’வின் சுழிகளும் ‘ஞ’வின் வளைவும் என்ன செய்யும்? 2005-ல் வந்த உங்கள் டைகர் இயங்குதளத்தில் இணைமதி என்ற தமிழ் எழுத்துரு இருந்தது. அதைச் செய்தவர் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். எங்கள் நாட்டுக்காரர் கூர்மையாகக் கொடுத்ததை மங்கலாகத் திருப்பித் தருவது எந்த ஊர் மரியாதை?

அடுத்தது எண்ணிக்கை. 2020-இன் தொடக்கத்தில் விற்ற இன்டெல் மேக்புக் ஏர் இரண்டு 4கே வெளித்திரைகளை ஏற்றது. அதே ஆண்டு நவம்பரில் புரட்சி என்று வந்த எம்1 ஏர் ஒன்றை மட்டுமே ஏற்றது. ஒவ்வொரு திரைக்கும் சிப்பில் தனிச் சுற்று வேண்டுமென்பது புரிகிறது. ஆனாலும் புரட்சியில் கையிலிருந்ததைப் பறிகொடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாம். 2024-இன் எம்3 ஏர் இரண்டை ஏற்றது, மூடியைச் சாத்தினால். திறந்தபடி இரண்டு திரை பார்க்க 2025-இன் எம்4 ஏர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் டிஸ்பிளேலிங்க் என்ற குறுக்குவழியை நாடியவர்களிடம் உங்கள் கணினி, திரையைப் பதிவுசெய்ய இந்த மென்பொருளுக்கு அனுமதி தருகிறீர்களா என்று கேட்டது. இரண்டாம் திரை கேட்டவர் முதல் திரையை வேவு பார்க்க ஒப்புதல் தந்தாக வேண்டும்.

உங்கள் சொந்த மானிட்டரையே வாங்கலாமே என்பீர்கள். 2019-ல் 4,999 அமெரிக்க டாலருக்கு ஒன்று விற்றீர்கள். அதை நிமிர்த்தி வைக்கும் தாங்கிக்குத் தனியாக 999 டாலர். பாச்சாங்கில் அந்தக் காசுக்கு மானிட்டர்களையே வரிசையாக நிறுத்தலாம், தாங்கியோடு.

உங்களுக்கும் எங்களுக்கும் உறவுமுறையும் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் பத்து பெரண்டாம் என்ற ஊரில் நேஷனல் செமிகண்டக்டர் ஆலை இருந்தது. 2011-ல் அது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கைக்குப் போனது. டிஜிட்டல் வீடியோவை வேகமாகக் கடத்த நீங்கள் கூட்டுச் சேர்ந்தது அந்த நேஷனலோடுதான். குவிக்ரிங் என்று பேர் வைத்தீர்கள். லேப்டாப்பின் உள்ளே படத்தைத் திரைக்குக் கொண்டுபோகும் எஃப்பிடி-லிங்க் என்ற வழியை 1996-ல் உண்டாக்கியதும் அதே நேஷனல்தான். சம்பந்தி ஊர்க்காரர்களிடம் இவ்வளவு கெடுபிடி கூடாது.

ஆகவே பாச்சாங்வாசிகள் கேட்பது இரண்டே இரண்டு. கீபோர்டின் பிரகாசப் பொத்தான் வெளி மானிட்டருக்கும் வேலை செய்ய வேண்டும். அதற்கான பொது மொழி 1998 முதல் வெசாவிடம் இருக்கிறது. பழைய எழுத்து வித்தை வேண்டுமென்பவர்களுக்காக அமைப்புகளில் ஒரு பொத்தான் வைக்க வேண்டும். நேரில் வந்து பேசலாமென்றால், மலேசியாவில் நீங்கள் 2024-ல் திறந்த முதல் கடை கோலாலம்பூரில் இருக்கிறது. இங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவது சிரமம்.

இப்படிக்கு,
பாச்சாங் மானிட்டர்க்காரர்கள்

பி.கு: பதில் எழுதும்போது எழுத்தைப் பெரிதாகப் போடவும். 12 அளவுக்குக் கீழே போனால் இங்கே ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகத் தெரிகின்றன.