பீரோவுக்கு அப்பால் ஒரு தம்புரா

மடிக்கணினியில் ஓடும் பாட்டு, கூடத்தில் இருக்கும் ஸ்டீரியோவுக்குக் கம்பியில்லாமல் போய்ச்சேர முடியுமா, முடியாதென்றால் யார் பொறுப்பு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை: வடக்கே லஸ் முனை, மேற்கே பாண்டி பஜார், தெற்கே அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரம். கிழக்கே கடல், அங்கே எவரும் ஸ்டீரியோ வைப்பதில்லை. ஆய்வுப் பொருள்கள் மூன்று: ஒரு மடிக்கணினி, ஒரு பழைய ஸ்டீரியோ, இரண்டுக்கும் நடுவே ஓர் இரும்பு பீரோ. பீரோ இல்லாத வீடுகள் ஆய்விலிருந்து விலக்கப்பட்டன. அப்படி ஒரு வீடும் அகப்படவில்லை என்பது வேறு விஷயம்.

முன்னோர் பணியைக் குறிப்பிடாத ஆய்வேட்டில் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். இந்த ஊரில் கம்பியில்லாமல் பாட்டு அனுப்பியதில் முன்னோடி சி.வி. கிருஷ்ணசாமி செட்டி. இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது டிரான்ஸ்மிட்டருக்கு வேண்டிய பாகங்களையும் கையோடு கொண்டுவந்தவர் அவர். 1924 மே மாதம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்கியது. ஜூலை 31 அன்று ஒலிபரப்பே ஆரம்பமாகிவிட்டது. டிரான்ஸ்மிட்டரின் திறன் 40 வாட். 1927 அக்டோபரில் கிளப்பிடம் பணம் தீர்ந்தது. கருவியைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் மாலை வேளைகளில் சங்கீதம் ஒலிபரப்பியது. கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனவர்கள் ஒலிபெருக்கியில் பாட்டும் கேட்டுவிட்டு வந்தார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி வந்து அந்தப் பொறுப்பை ஏற்றது.

நாற்பது வாட் என்பது இன்றைக்கு ஒரு மேசை விளக்கின் கணக்கு. அதைக் கொண்டு செட்டியார் ஊர் முழுக்கப் பாட்டுக் கேட்க வைத்தார். வீடுகளில் புழங்கும் புளூடூத் கருவிகளில் பெரும்பாலானவற்றின் திறன் 2.5 மில்லிவாட், அதாவது செட்டியாருடையதில் பதினாறாயிரத்தில் ஒரு பங்கு. பத்து மீட்டர் போனால் போதும் என்று கணக்குப் பண்ணித்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். கணக்கெல்லாம் சரிதான். பீரோவைத்தான் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

இன்னொன்றையும் பதிவு செய்தாக வேண்டும். 1980கள் வரை இந்த நாட்டில் வீட்டில் ரேடியோ வைத்துக் கேட்பதற்கே தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். அதற்கென்று ஒரு புத்தகம், அதில் முத்திரை. இப்போது நிலைமை தலைகீழ். வீட்டிலிருந்து ஒலிபரப்புவதற்கே லைசென்ஸ் தேவையில்லை. 2005இல் மத்திய அரசு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த திறனுள்ள கருவிகளுக்கு உரிமக் கட்டாயம் இல்லாமல் திறந்துவிட்டது. அன்றுமுதல் தி.நகரின் ஒவ்வொரு ஃபிளாட்டும் சட்டப்படி ஒரு குட்டி வானொலி நிலையம். வைஃபையில் ஒரு பகுதி, புளூடூத், கம்பியில்லா மவுஸ் எல்லாம் அந்த ஒரே அலைவரிசையில்தான் போகின்றன. சாதம் சுடவைக்கிற மைக்ரோவேவும் 2.45 ஜிகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால், அதன் கசிவும் அங்கேயே வந்து சேர்கிறது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்தக் கூட்டத்தில் புளூடூத் பிழைத்துக் கிடப்பது ஒரு தந்திரத்தால். 79 தடங்களுக்கு நடுவே அது நொடிக்கு 1600 முறை தாவுகிறது. ஒரு தடத்தில் இடி வாங்கினால் அடுத்ததில் தப்பிக்கிறது. அலைவரிசை தாவும் இந்த யோசனைக்கு முன்னோடிகளில் ஒன்று, 1942இல் ஹெடி லமார் என்ற ஹாலிவுட் நடிகையும் ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து வாங்கிய காப்புரிமை. எதிரி குறுக்கிடாதபடி டார்பிடோவுக்குக் கட்டளை அனுப்ப அவர்கள் சொன்ன வழியில் தடங்கள் 88. பியானோவில் எத்தனை கட்டையோ அத்தனை. ஒரு நடிகையும் இசையமைப்பாளரும் சேர்ந்தால் காப்புரிமையும் வரும் என்பதைக் கோடம்பாக்கம் ஏனோ இன்றுவரை முயன்று பார்க்கவில்லை.

இந்தச் சிக்கல் ஆராய்ச்சிக்கு உரியதாக முற்றியது 2020 மார்கழியில். கொரோனாவால் சபாக்கள் கதவடைத்திருந்தன. 1928 முதல் இருந்துவரும் மியூசிக் அகாடமியே அந்த ஆண்டு கச்சேரிகளை இணையத்தில்தான் நடத்தியது. முதல் வரிசை டிக்கெட்டுக்கு ஆண்டுதோறும் அல்லாடியவர்களுக்கு வித்வான் மடியிலேயே வந்து உட்கார்ந்தார். ஆனால் மடிக்கணினியின் ஸ்பீக்கர் கட்டைவிரல் அகலம்தான். தாழ்ந்த ஒலிகள் அதற்கு எட்டாது. மிருதங்கத்தின் வலந்தலை ‘நங்’கென்று வந்தது, தொப்பி அடியோடு காணாமல் போனது. பாதி மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம் எதற்கு என்று கேட்டார் ஒரு பெரியவர். அப்போதுதான் எல்லார் கண்ணும் கூடத்து ஸ்டீரியோ பக்கம் திரும்பியது.

அது பல வருடமாகப் பூத்தையல் போட்ட துணிக்கு அடியில் இருந்தது. துணியின் மேல் கொலுவில் இடம் கிடைக்காமல் போன ஒரு செட்டியார் பொம்மை. பொம்மையை இறக்கி, துணியை விலக்கி, பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தினால், பின்பக்கம் ஒட்டடைக்கு நடுவே வெள்ளையும் சிவப்புமாக ஜோடி ஜோடியாகத் துளைகள். ஒன்றின் மேல் ‘டேப்’, ஒன்றின் மேல் ‘ஆக்ஸ்’, இன்னொன்றின் மேல் ‘ஃபோனோ’. போன் சம்பந்தப்பட்டது என்பதால் ‘ஃபோனோ’வில் செருகியவர்கள் உண்டு. அது இசைத்தட்டு முள்ளிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் மின்சாரத்தைப் பெருக்குவதற்கான வழி. மற்றதைச் செருகினால் சாந்தமான சஹானாவும் தகர டப்பாவை உருட்டிய மாதிரி வரும்.

செருகுவதற்கு ரிச்சி தெருவில் தீப்பெட்டி அளவில் புளூடூத் ரிசீவர் விற்கிறார்கள். வாங்கிவந்த வீடுகளில் கம்பிகளின் எண்ணிக்கை பின்வருமாறு மாறியது: ரிசீவரிலிருந்து ஸ்டீரியோவுக்கு ஒன்று, ரிசீவருக்கு மின்சாரம் ஊட்ட ஒன்று, அந்த அடாப்டர் பிளக்கை எட்டாததால் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்று. முன்பு இவை எதுவும் கிடையாது. கம்பியில்லா முறைக்கு மாறியதில் மூன்று கம்பிகள் லாபம்.

இனி பீரோ. மயிலாப்பூரின் பழைய வீடுகள் ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் கொண்டவை. மடிக்கணினி உள்ளறையில், ஸ்டீரியோ கூடத்தில், பீரோ சரியாக நடுச்சுவரை ஒட்டி. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை செங்கல் சுவரை இளைத்துப்போய் என்றாலும் கடந்துவிடும். இரும்புத் தகடு அதை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். பீரோவைச் சுற்றித் தரையிலும் கூரையிலும் பட்டுச் சிதறி வருவதுதான் ஸ்டீரியோவுக்குக் கிடைக்கும் மிச்சம். மனித உடம்பும் லேசுப்பட்டதல்ல. அதில் பெரும்பங்கு தண்ணீர். இந்த அலையைத் தண்ணீர் நன்றாகவே உறிஞ்சும். நவராத்திரியில் வெற்றிலை பாக்கு வாங்க நாலு மாமிகள் வந்து நின்றால் பாட்டு திக்கும்.

“விட்டு விட்டு வருதேடா.”

“நீங்க குறுக்க நிக்கறேள் பாட்டி. கொஞ்சம் நகருங்கோ.”

“எம்பது வருஷமா நிக்கறேன், ஒரு பாட்டும் நின்னதில்லை.”

பாட்டியின் சாட்சியம் ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

அடுத்து தாமதம். புளூடூத் பாட்டைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் கொடுப்பதற்குள் சுமார் 0.2 நொடி ஆகிவிடும். சாதாரண ரசிகர் இதைப் பொருட்படுத்தமாட்டார். தொடையில் தாளம் போடுகிறவர் விடமாட்டார்: திரையில் வித்வானின் கை விழுந்தாகிவிட்டது, சத்தம் இன்னும் வரவில்லை. சில மென்பொருள்கள் படத்தையும் அதே அளவு தாமதப்படுத்திச் சமாளிக்கின்றன. சில அதைச் செய்வதில்லை. காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். ஆக 0.2 நொடித் தாமதம் என்பது மேடையிலிருந்து ஏறக்குறைய 70 மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்பதற்குச் சமம். சபா அரங்கில் அத்தனை தூரம் போனால் கடைசி வரிசையையும் கதவையும் தாண்டி, கேன்டீன் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும். சீசனில் பலர் கச்சேரி கேட்பது அங்கிருந்துதான் என்பதால் இதைக் குறையாகக் கொள்ள முடியவில்லை.

வைஃபை வழி இதற்கு மாற்று. 2004இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்டியூன்ஸில் தொடங்கி இவ்வகைக் கருவிகள் பாட்டைக் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொண்டு நிதானமாகப் பாடுகின்றன. திக்காது, ஆனால் தாமதம் இரண்டு நொடி வரை போகும். மேற்படி கணக்கில் அகாடமியிலிருந்து கிட்டத்தட்ட 700 மீட்டர். பழைய ஸ்டீரியோக்களுக்கென்றே 2015இல் கூகுள் விற்ற வட்டமான க்ரோம்காஸ்ட் ஆடியோவை 2019இல் கைவிட்டார்கள். ஸ்டீரியோக்கள் இன்னும் இருக்கின்றன.

ஒலித்தரம் பற்றிய சர்ச்சையில் ஆய்வு தலையிட விரும்பவில்லை. ஆனால் ரசிகர்கள் ஒதுங்கவும் விடவில்லை. சிடியில் நொடிக்கு 1411 கிலோபிட் தகவல் இருக்கிறது. புளூடூத்தின் அடிப்படைச் சுருக்கமுறை பெரும்பாலும் 328க்கு மேல் போவதில்லை. “தம்புராவில் அந்தர காந்தாரம் கேக்கலை” என்று அபிராமபுரத்தில் ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார். நல்ல தம்புராவில் அந்த மேற்சுரம் கேட்கும் என்பது உண்மை. வாழ்நாளெல்லாம் மீடியம் வேவ் டிரான்சிஸ்டரில், தெருவில் ஆட்டோ போகும் இரைச்சலோடு கச்சேரி கேட்டபோது அந்தக் காந்தாரம் எங்கே போயிருந்தது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

கடைசியாக ஆட்சியுரிமை. ஸ்டீரியோ யார் கையில் என்பது முன்பு சாய்வு நாற்காலியை வைத்து முடிவானது. இப்போது கடைசியாக இணைத்தவருக்கே பட்டம். மலிவான ரிசீவர்கள் கடவுச்சொல்கூடக் கேட்பதில்லை. அடையாறு அபார்ட்மெண்ட் ஒன்றில் கீழ்வீட்டு பாபநாசம் சிவன் பாட்டு பாதியில் அறுந்து, மேல்வீட்டுப் பையனின் இளையராஜா பாட்டாகத் தொடர்ந்தது. அவன் தன் ஸ்பீக்கர்தான் பழுது என்று நினைத்து ஒலியைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறான். தவிர, கணினியின் எல்லாச் சத்தமும் ஸ்டீரியோவுக்குத்தான் போகும். தோடி ஆலாபனை மந்தரத்தில் இறங்கும் நேரத்தில் ஆபீஸ் மெயிலின் ‘டிங்’ இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் விழுந்தால், எந்தச் சுருதியிலும் சேராத அந்த ஒரு சுரம் இரவு முழுக்கக் காதிலேயே நிற்கும்.

தீர்வாக பீரோவை நகர்த்தும் யோசனை ஒரு வீட்டில் பரிசீலிக்கப்பட்டது. பட்டுப்புடவை, பத்திரம், வெள்ளிப் பாத்திரம் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். நகர்த்தினால் பின்சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் வெளியே தெரியும். பீரோ திறக்கும் திசையை நிர்ணயித்தவர் காலஞ்சென்ற தாத்தா. யோசனை தள்ளுபடியானது. பதிலாக மடிக்கணினியை ஸ்டீரியோ பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தார்கள். திக்கல் நின்றது. இரண்டுக்கும் இடைவெளி மூன்றடி ஆனபின், ரிசீவரைக் கழற்றிவிட்டு ஒரு கேபிளையே செருகிவிடலாமே என்றாள் மருமகள். ரிச்சி தெருவில் ரிசீவர் விற்ற அதே கடையில் கேபிளும் இருக்கிறது. ஒரு மீட்டர் போதுமா, ஒன்றரை வாங்குவதா என்று வீட்டில் இரண்டு கட்சி.