சாப்பாட்டு மேஜைக் கொல்லர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்களில், வாரம் முழுவதும் காப்பீட்டு அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ கௌரவமாக உழைத்துவிட்டு, சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்து தட்டுகள் அகன்றதும், மேஜைமேல் பழைய துவாலை ஒன்றை விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொண்டு, தம் துப்பாக்கியின் விசைப் பகுதியைக் கழற்ற உட்காரும் ஒரு வகைக் கனவான் உண்டு. கொல்லுத் தொழிலை அவர் எவரிடமும் பயின்றதில்லை. ஆயினும் பயின்றவருக்கும் வராத தைரியம் அவருக்கு உண்டு.

இவருடைய வம்சத்துக்குப் பூர்வீகம் தேடினால், அது சாமானியமான இடத்தில் போய் நிற்பதில்லை. 1785-இல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்ஸன், ஹொனோரே பிளாங் என்ற கைவினைஞர் ஐம்பது துப்பாக்கிகளின் விசைப்பூட்டுகளைப் பிரித்துத் தனித்தனிச் சிற்றறைகளில் அடுக்கி வைத்திருக்கக் கண்டு, கைக்கு அகப்பட்ட உறுப்புகளை எடுத்துத் தாமே சில பூட்டுகளைச் சேர்த்துப் பார்த்து, அவை அப்பழுக்கின்றிப் பொருந்தின என்று வியந்து தாய்நாட்டுக்குக் கடிதம் எழுதினார். எந்த உறுப்பும் எந்தத் துப்பாக்கிக்கும் சேரவேண்டும் என்ற அந்தத் தத்துவம் பிற்பாடு அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தழைத்து, உலகத்துக்கு எத்தனையோ சௌகரியங்களைச் செய்து, இறுதியில் நம் கனவான் தபாலில் தருவித்திருக்கும் நாலு ஸ்பிரிங்கிலும் ஒரு கொக்கியிலும் வந்து பூர்த்தியாகியிருக்கிறது.

அவரிடம் இருப்பது 1964 முதல் விற்பனையாகிவரும் ரூகர் 10/22. பத்துத் தோட்டா கொள்ளும் சிறிய ரகம். தகர டப்பாவுக்கும் அணிலுக்கும் யமன். அதன் விசையை இழுக்க ஏறத்தாழ 5, 6 பவுண்டு பலம் வேண்டும். பல லட்சம் விரல்களை உத்தேசித்து வைத்த பாரம் அது. அவற்றுள் அசட்டு விரல்களும் அடங்கும் என்பதைச் செய்தவர்கள் மறக்கவில்லை. நம்மவரோ இரண்டரைப் பவுண்டுக்கு மேல் ஒரு குன்றிமணி எடையும் பொறுக்கமாட்டார். நல்ல விசை கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல் சட்டென்று விடவேண்டும் என்பது அந்நாட்டு ரசிகர்களின் வாக்கு. கண்ணாடிக் குச்சி எதையும் அவர் ஆயுளில் ஒடித்துப் பார்த்ததில்லை. அதனால் அந்த லக்ஷியத்தில் அவருக்குள்ள விசுவாசம் குறைந்ததும் இல்லை.

“இதுவரை நன்றாகத்தானே சுட்டது?” என்று மனைவி கேட்பாள். அதற்கு விடையாக ஒரு பெருமூச்சுதான் வரும். ஆனால் அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவேண்டும்: உள்ளே தோட்டா இல்லை என்பதை மும்முறை பார்த்து, அந்த அம்மாளையும் அழைத்துப் பார்க்கச் சொன்ன பிறகே வேலையில் இறங்குவார்.

பிறகு ஆணிகள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன, மூச்சு அடங்குகிறது, அரிசிமணி அளவே உள்ள ஒரு ஸ்பிரிங், இத்தனை வருஷம் அடங்கிக் கிடந்த சிறையிலிருந்து விடுதலை பெற்ற உற்சாகத்தில், டிங்கென்ற ஒரு நாதத்துடன் மேலே எழும்பி, குளிர்பெட்டி இருக்கும் திசையில் அந்தர்த்தானமாகிவிடுகிறது. கனவான் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெங்கும் இழுக்கிறார், குளிர்பெட்டியை நகர்த்துகிறார், ஒரு பாவமும் அறியாத நாயின் வாயைத் திறந்து பார்க்கிறார். நள்ளிரவில் ஸ்பிரிங் ஒன்று அகப்படவும் செய்கிறது. அது போன வருஷம் காணாமற்போனது.

சிலர் இந்தக் கட்டத்திலேயே எல்லா உறுப்புகளையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் உண்மையான துப்பாக்கிக் கொல்லரிடம் போய், வேறு யாரோ கழற்றிவிட்டதாகச் சொல்லி நிற்பார்கள். அவர் ஒன்றும் கேட்பதில்லை. நம்மவர் வைராக்கியசாலி; எப்படியோ பூட்டி முடித்து, தராசுக் கொக்கியை விசையில் மாட்டி இழுத்து, இரண்டரையே காட்டுகிறது என்று கண்டு, அண்டை வீட்டுக்காரரை வரவழைத்து, காலித் துப்பாக்கியின் விசையை இழுத்துப் பார்க்கச் சொல்வார். அண்டை வீட்டுக்காரர் “ஆகா!” என்பார். வேறு என்ன சொல்ல இயலும்?

ஆனால், விசை இவ்வளவு நேர்த்தியானதும் குழலின் குறை கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. கனத்த குழல் வருகிறது. அது பழைய கட்டையில் அடங்காததால் புதுக் கட்டை வருகிறது. அந்நாட்டுச் சட்டமோ வரிசை எண் பொறித்த நடுவுடலை மட்டுமே துப்பாக்கி என்று கருதுவது. ஆகவே சர்க்கார் கணக்கில் அவர் இதுவரை எதையும் மாற்றவே இல்லை. கழற்றிய குழல், கட்டை, கொக்கி, ஸ்பிரிங் அனைத்தும் மருந்துச் சீசாக்களிலும் அட்டைப் பெட்டிகளிலும் பெயர் எழுதிப் பத்திரமாக இருக்கின்றன. ஒருநாள் அவற்றையெல்லாம் துவாலைமேல் பரப்பிப் பார்த்தவர், இன்னொரு முழுத் துப்பாக்கிக்கு நடுவுடல் ஒன்றும் சில்லறைச் சாமான்களுமே பாக்கி என்று கண்டார். பழைய சாமான் வீணாகக் கூடாதல்லவா, சிக்கனத்தை உத்தேசித்துத்தான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்பட்டிருக்கிறார்.