மூடி போட்ட சாம்ராஜ்யம்

1526 ஏப்ரலில் பானிபட்டில் இப்ராஹிம் லோடியைத் தீர்த்துக்கட்டி தில்லிச் சிம்மாசனத்தைப் பிடித்த பாபருக்குக் கொஞ்ச நாளிலேயே நாக்கு அரிக்க ஆரம்பித்தது. இந்துஸ்தானத்தில் நல்ல திராட்சை இல்லை, முலாம்பழம் இல்லை, ஐஸ் இல்லை, கடைத்தெருவில் வாயில் வைக்கிற மாதிரி ரொட்டி இல்லை என்று தன் சுயசரிதையான பாபர்நாமாவில் பட்டியலே போட்டவர் அவர். ஆனாலும் இந்த ஊர்ச் சமையல் எப்படித்தான் இருக்கும், பார்த்துவிடுவோமே என்று செத்துப்போன லோடியின் சமையல்காரர்களையே வரவழைத்தார். ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். அதில் நாலு பேரைப் பொறுக்கி எடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டார்.

எஜமானனைக் கொன்றுவிட்டு அவன் வீட்டுச் சமையல்காரனைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று சொல்ல மந்திரிசபை கூட வேண்டாம். மயிலாப்பூரில் எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். பாபரின் படையில் பீரங்கி இருந்தது, பாட்டி இல்லை.

அந்த டிசம்பர் 21, வெள்ளிக்கிழமை, ஆக்ராவில் சாப்பாடு பரிமாறப்பட்டது. லோடியின் தாயார் ஒரு தோலா விஷம் அனுப்பியிருந்தார். கலந்துவிட்டால் நாலு பர்கனா நிலம் என்று சமையல்காரருக்கு ஆசை காட்டப்பட்டிருந்தது. அண்டாவில் கலக்க முடியாது. அடுப்பிலிருந்து இறக்கியதும் சமைத்தவனையே ருசி பார்க்க வைக்க வேண்டும் என்பது பாபரின் உத்தரவு. ஆனால் அண்டாவிலிருந்து தட்டுக்குப் போகிற அந்த நாலடி தூரத்தை யாரும் கவனிக்கவில்லை. தட்டில் அடியில் கிடந்த ரொட்டித் துண்டுகள்மேல் தூவி, அதை மறைக்க மேலே வெண்ணெயில் பொரித்த இறைச்சியை வைத்துவிட்டார்கள். அதிலும் பதற்றத்தில் பாதி விஷம் அடுப்பில் கொட்டிவிட்டது. சாம்ராஜ்யம் பிழைத்தது அந்தக் கை நடுக்கத்தால்தான்.

பாபர் முயல் கறியும் காரட் வறுவலும் நன்றாகச் சாப்பிட்டார். இந்த இறைச்சியில் ரெண்டு மூன்று வாய். வயிற்றைப் புரட்டியது. எவ்வளவு குடித்தாலும் வாந்தி எடுத்ததில்லையே என்று அவருக்கு முதலில் ஆச்சரியம், பிறகுதான் சந்தேகம். வாந்தியை ஒரு நாய்க்குப் போட்டுப் பார்த்தார்கள். நாய் வயிறு ஊதி, கல்லால் அடித்தும் எழுந்திருக்காமல் மறுநாள் மதியம் வரை கிடந்தது. அதற்குப் பிறகு சம்பந்தப்பட்டவர்களுக்கு என்னென்ன நடந்தது என்பதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு நீங்களே பாபர்நாமாவில் படித்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பேரும் தாண்டிப்போன விஷயம் ஒன்று உண்டு: அந்தத் தட்டுக்கு ஒரு மூடி இல்லை.

உணவுப் பாத்திரத்துக்கு இறுக்கமான மூடி எதற்கு என்று இன்று கேட்டால் காற்று, ஈரம், கிருமி, எறும்பு என்பார்கள். தில்லி அரியணையில் உட்கார்ந்தவர்களுக்கு இவை எதுவும் கவலை இல்லை. எறும்பு சிம்மாசனத்துக்கு ஆசைப்படுவதில்லை. அவர்கள் மூடி போட்டது மனுஷனுக்குப் பயந்து.

பேரன் அக்பர் காலத்தில் இந்தப் பயம் ஒரு முழு இலாகாவாகவே வளர்ந்துவிட்டது. அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் ‘அயினி அக்பரி’யில் சமையல்கட்டுக்கென்றே பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார். சமையல்காரர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்ள வேண்டும். உணவை எடுத்துப் போடும்போது வாயையும் மூக்கையும் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். முதலில் சமைத்தவர் ருசி பார்ப்பார், பிறகு சமையல்கட்டு அதிகாரியான பக்காவல், பிறகு தலைமை அதிகாரி மீர் பக்காவல். தங்க, வெள்ளிப் பாத்திரம் என்றால் சிவப்புத் துணி. செம்பு, பீங்கான் என்றால் வெள்ளைத் துணி. மூட்டை கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி, மீர் பக்காவல் முத்திரை வைப்பார். குமாஸ்தா ஒருவர் எல்லாப் பாத்திரங்களுக்கும் பட்டியல் எழுதி, அதற்கும் முத்திரை. முன்னாலும் பின்னாலும் தடி ஏந்திய காவலர்கள். ஊறுகாய், தயிர், இஞ்சிக்குக்கூட முத்திரை. சாப்பிட்டு முடித்ததும் பட்டியலை வைத்துக்கொண்டு காலிப் பாத்திரங்களை எண்ணி வாங்குவார்கள். கல்யாண வீட்டில் கரண்டி எண்ணும் நம் மாமாக்களின் ஆதிகுரு அந்தக் குமாஸ்தாதான்.

இவ்வளவும் யாருக்காக? ஒரு நாளைக்கு ஒரே வேளை, அதுவும் வயிறு நிறைவதற்குள் எழுந்துவிடுகிற ஒரு மனிதருக்காக. அந்த ஒரு வேளை எப்போது என்று நிச்சயம் இல்லாததால், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் நூறு பதார்த்தம் வந்து நிற்க வேண்டும்.

வடிவமைப்பு என்று பார்த்தால் துணிமூட்டை சுமாரான மூடிதான். காற்று புகும், ஈ உட்காரும், குழம்பு கசியும். ஆனால் யாராவது அவிழ்த்தால் தெரிந்துவிடும். இன்று மருந்து பாட்டில் மூடியில் உடைகிற வளையம் வைத்திருக்கிறார்களே, அதே தத்துவம்.

அக்பரின் ஆட்கள் உண்மையிலேயே மூடியில் சாமர்த்தியம் காட்டியது தண்ணீருக்கு. ஈயக் கலவையிலோ வெள்ளியிலோ செய்த குடுவையில் தண்ணீரை ஊற்றி, வாயை அடைத்து, வெடியுப்பு கரைத்த பாத்திரத்துக்குள் விட்டுக் கால் மணி நேரம் சுழற்றுவார்கள். வெடியுப்பு கரையும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் ஜில்லென்று ஆகிவிடும். மூடி மட்டும் கசிந்தால் பாதுஷா பீரங்கி மருந்தைக் குடிக்க வேண்டியதுதான். முகலாயர் தலைமைச் சமையலறையில் காற்றும் நீரும் புகாத மூடிக்கு நியாயமான காரணம் இருந்த ஒரே இடம் இது.

இன்னொரு எதிரி பாத்திரத்துக்குள்ளேயே இருந்தது. செம்பில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும், களிம்பு வயிற்றைப் பதம் பார்க்கும். அதனால் ஈயம் பூச வேண்டும். அதிலும் அந்தஸ்து பார்த்தார்கள்: பாதுஷாவின் பாத்திரங்களுக்கு மாதம் இரண்டு முறை, இளவரசர்களுக்கு மாதம் ஒரு முறை. இளவரசர்கள் அப்பாவுக்கு எதிராகக் கலகம் செய்ததற்குச் சரித்திர ஆசிரியர்கள் எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். இந்த ஈயப் பாரபட்சத்தை ஒருவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

செம்பு என்றதும் முகமது பின் துக்ளக்கைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. பாபருக்கு இருநூறு வருஷம் முன்னால், செம்பு நாணயத்துக்கு வெள்ளியின் மதிப்பு என்று தில்லியில் அறிவித்தார் மனுஷன். வீட்டுக்கு வீடு நாணயச்சாலை ஆகிவிட்டது என்று சரித்திர ஆசிரியர் பரணி எழுதினார். அந்த வருஷம் தில்லியில் எத்தனை குடும்பம் செம்புப் பானையை உருக்கிவிட்டு மண்சட்டியில் சமைத்ததோ! ஜெய்ப்பூரில் இதை அப்படியே திருப்பிப் போட்டார்கள். மகாராஜா இரண்டாம் மாதோ சிங், தலா 14,000 வெள்ளி நாணயம் உருக்கி, ஒட்டு இல்லாமல் செய்யப்பட்ட ராட்சத அண்டாக்களில் கங்கை நீர் நிரப்பிக்கொண்டு, 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்குக் கப்பல் ஏறினார். ஒவ்வொன்றும் 345 கிலோ. லண்டன் தண்ணீர்மேல் அவ்வளவு நம்பிக்கை.

தில்லிக்குத் திரும்புவோம். 1659. ஔரங்கசீப் அண்ணன் தாரா ஷுகோவைப் பிடித்து, தில்லிக்கு வெளியே கிஸ்ராபாத்தில் காவலில் வைத்திருந்தார். கொள்ளுத்தாத்தாவின் தாத்தா பாபர் கற்ற பாடம் தாராவுக்கு நன்றாக நினைவிருந்தது. உபநிஷத்துகளைப் பாரசீகத்தில் கொண்டுவந்த அந்தப் பண்டித இளவரசர், விஷத்துக்குப் பயந்து தன் பருப்பைத் தானே வேகவைத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பருப்பு இருக்கும்போதுதான் கொலையாளிகள் உள்ளே வந்தார்கள் என்கிறார் பிரெஞ்சு யாத்ரிகர் பெர்னியர். பாத்திரத்தைக் காப்பாற்றிக்கொண்ட மனுஷன் கழுத்தைக் கோட்டைவிட்டார்.

அடுத்த கட்டத்தைச் சொல்பவர் மனுச்சி. கடைசிக் காலத்தில் நம் சென்னைக்கு வந்து குடியேறினாரே, அந்த வெனிஸ்காரர்தான். ஆக்ரா கோட்டையில் சிறையிருந்த கிழவர் ஷாஜகான் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் மகன் ஔரங்கசீப்பிடமிருந்து மூடி போட்ட பெட்டி ஒன்று வந்ததாம். பிள்ளைக்கு இன்னும் அப்பா நினைவிருக்கிறதே என்று கிழவர் மனம் குளிர்ந்து திறக்கச் சொன்னாராம். உள்ளே தாராவின் தலை. மனுச்சி கதை கட்டுவதில் கொஞ்சம் தாராளமானவர். நாற்பது சதவீதம் தள்ளுபடி செய்துகொண்டாலும் மீதி பயங்கரம்தான்.

அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு பாத்திரங்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஏதும் நடக்கவில்லை. நாதிர் ஷா 1739-ல் வந்து மயிலாசனத்தையே வாரிக்கொண்டு போனபோது டப்பாக்களைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

உண்மையாகவே காற்றுப் புகாத டப்பா வந்தது வெள்ளைக்காரன் மூலம். நெப்போலியன் அரசாங்கத்திடம் 12,000 பிராங்க் வாங்கிய நிக்கோலா அப்பேர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொதிக்கவைத்தார். 1810-ல் பீட்டர் டூரண்ட் லண்டனில் தகரத்துக்கும் சேர்த்துக் காப்புரிமை வாங்கினார். 1813-ல் பிரயன் டான்கினின் தொழிற்சாலை ஈயம் பூசிய இரும்பு டப்பாக்களைச் செய்து விற்க ஆரம்பித்தது. இது ஏன் கெட்டுப்போகவில்லை என்று பாஸ்டர் வந்து விளக்க இன்னும் ஐம்பது வருஷம் இருந்தது. காரணம் தெரியாமலே சாப்பிட்டார்கள். நாமும் பல விஷயங்களை அப்படித்தான் சாப்பிடுகிறோம்.

டான்கினின் டப்பா பலமானது, அதுதான் சிக்கல். மூடியைப் பற்றவைத்தவர்கள் திறப்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை. உளியும் சுத்தியலும் கொண்டு விளிம்பை ஒட்டி வெட்டவும் என்று போட்டுவிட்டார்கள். டின் திறப்பான் வந்தது 1855-ல். நாற்பத்திரண்டு வருஷம் ஒரு நாகரிகம் மாட்டிறைச்சியைக் கொல்லுப்பட்டறை மாதிரி சாப்பிட்டது. கப்பலில் வந்த இந்த டின்கள்தான் இந்தியாவில் துரைமார் வீட்டு விருந்தின் கௌரவச் சின்னம். கைக்கெட்டும் தூரத்தில் கடலும் மீனும் இருக்க, சீமையிலிருந்து டின் மீனை வரவழைத்துப் பெருமைப்பட்டவர்களை, ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் 1878-ல் மதராஸ் சமையல் புத்தகம் எழுதிய கர்னல் கென்னி ஹெர்பர்ட் சாடித் தீர்த்தார். கர்னல் சொல்லி மேஜர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

சுதந்திரம் வந்தது, தில்லியின் பழைய வியாதி மட்டும் போகவில்லை. இப்போது விஷத்தின் இடத்தில் வனஸ்பதி. 1937-ல் வந்த டால்டா, பனைமரம் போட்ட அந்த மஞ்சள் டின்னோடு நாடு முழுக்க நுழைந்தது. தில்லியிலேயே டெல்லி கிளாத் மில்ஸ் ‘ரத்’ என்று ஒன்றை விற்றது. டின் ஒழுங்காகத்தான் சீல் செய்யப்பட்டிருந்தது. டின்னைத் திறந்து நெய்யில் கலந்தவனைத்தான் யாராலும் சீல் வைக்க முடியவில்லை. வனஸ்பதியையே தடை செய்ய வேண்டும் என்று பண்டித தாகூர் தாஸ் பார்கவா நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். கடைசியில் சர்க்கார் கண்டுபிடித்த வழி ரசமானது: வனஸ்பதிக்குள் ஐந்து சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும். சந்தேகப்படும் நெய்யில் அமிலமும் ஃபர்ஃப்யூராலும் விட்டால், நல்லெண்ணெய் இருந்தால் சிவந்துவிடும். மூடியை நம்பாத சர்க்கார் டின்னுக்குள்ளேயே ஒற்றனை உட்காரவைத்தது. அக்பர் கேட்டிருந்தால் அந்த அதிகாரிக்கு மன்சப் பதவி கொடுத்திருப்பார்.

தமிழர்கள் தில்லிக்குக் கொண்டுபோன சொத்து திருகு மூடிக் கூஜா. ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி ஆடிக்கொண்டு போனாலும் ஒரு சொட்டு சிந்தாது. பித்தளை உடம்பு, உள்ளே ஈயப்பூச்சு, மரை போட்ட கழுத்து, தூக்கக் கைப்பிடி. மொத்த முகலாய வரலாற்றிலும் மீர் பக்காவலுக்குக் கிடைக்காத பொருள். தலைவர்களுக்குப் பின்னால் இதைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் சிலர் கரோல்பாகில் வீடு வாங்கினார்கள், சிலர் மந்திரியே ஆனார்கள்.

பிறகு எவர்சில்வர். சேலம் உருக்காலைக்கு 1970-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். தில்லியில் வஜீர்பூர் பட்டறைகள் தகட்டை உருட்டி, அமிலத்தில் முக்கி, அழுத்தி டப்பாவாக இழுத்தன. களிம்பு இல்லை, ஈயம் பூச வேண்டாம், விளிம்பைச் சுருட்டிவிட்டதால் நெளியாது. ஒரே ஒரு தகராறு. சுடச்சுட சாம்பாரை ஊற்றி அழுத்தி மூடினால், ஆறும்போது உள்ளே நீராவி தண்ணீராகிவிடும், அழுத்தம் இறங்கிவிடும். பதினைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடிமேல் வெளிக்காற்று சுமார் 180 கிலோ கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளிருந்து எதிர்த்துத் தள்ளும் காற்று பாதியாகக் குறைந்தாலே மீதி 90 கிலோவை மாமியார் இடுக்கியால் ஜெயிக்க வேண்டும். தாரா கைதாவதற்குச் சில வருஷம் முன்பு ஜெர்மனியில் ஓட்டோ ஃபான் கேரிக் இதே வித்தையைக் காட்டத்தான் குதிரைகளைக் கட்டி இழுத்தார். மாமியாரிடம் குதிரை இல்லை. டப்பாவை வெந்நீரில் வைப்பார், தானே திறந்துகொள்ளும். இப்போது விளிம்பில் சிலிக்கான் வளையம், நாலு பக்கமும் கொக்கி வைத்து விற்கிறார்கள். கொக்கி உடைந்தால் டப்பா முழுசும் போச்சு.

2024 மார்ச்சில் மத்திய அரசு எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்று ஆணை போட்டது. தரநிர்ணய எண் ஐஎஸ் 14756. முத்திரை குத்தும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தலைமையகம் இருப்பது தில்லியில் பகதூர் ஷா ஜாஃபர் சாலையில். கடைசி முகலாயரைப் பர்மாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள், மீர் பக்காவல் உத்தியோகத்தை மட்டும் அவர் பெயர் போட்ட தெருவிலேயே வைத்துக்கொண்டார்கள்.

முத்திரையெல்லாம் ரகுபீர் நகர் வரை எட்டுவதற்கு இன்னும் நாள் ஆகும். மேற்குத் தில்லியில் அங்கேதான் பழைய துணிச் சந்தை. வாக்ரி சமூகப் பெண்கள் தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடையோடு காலனி காலனியாக வந்து, பாத்திரத்தைக் கொடுத்துப் பழைய துணி வாங்கிப்போய் அங்கே விற்கிறார்கள். தகட்டில் நிக்கல் எவ்வளவு என்று நீங்கள் காந்தத்தை வைத்துப் பார்ப்பீர்கள்; மட்ட ரகத் தகடும் காந்தத்தில் ஒட்டாது என்பது அவர்களுக்குத் தெரியும், சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். ரெண்டு பேண்ட், ஒரு ஸ்வெட்டருக்கு டப்பா என்று பேரம் படிந்துவிடும். நீங்கள் கையில் எடுத்த பிறகுதான் கூடைக்குள்ளிருந்து மூடி வெளியே வரும். அதற்கு ஒரு பட்டுப்புடவை கேட்பார்கள்.